உல்லாசத்துக்கு ஒரு டூட்டி சார்ட்

“உனக்கு எதுல போனா வாந்தி வரும்?”

தொலைபேசியில் பெரியவள் கேட்ட முதல் கேள்வி அது. எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்பதெல்லாம் வேலையற்றவர்கள் கேட்பது. சின்னவள் அப்போது காப்பீட்டு நிறுவனத்தில் தன் மேசையில் உட்கார்ந்து, ஒரு மொழியில் மிரட்டலாக இருந்த விதிமுறைகளை இன்னொரு மொழியிலும் அதே மிரட்டல் குறையாமல் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்காரருக்குக் காது கூர்மை. குரலைத் தாழ்த்தி, “என்னக்கா?” என்றாள்.

“பஸ்ஸா, படகா, ராட்டினமா? எதுல வரும்?”

“பஸ்ல பின் சீட்டுல உக்காந்தா கொஞ்சம்...”

“கொஞ்சம்னா? வருமா, வர்ற மாதிரி இருக்குமா?”

“வர்ற மாதிரி இருக்கும்.”

“அது பரவால்ல. ஷூ இருக்கா?”

“இருக்கு.”

“புதுசா, பழகினதா?”

“புதுசு.”

“இன்னிக்கே போட்டு நடக்க ஆரம்பி. அங்க வந்து கொப்புளம், அது இதுன்னு என் முன்னாடி நின்னே, திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.”

“எங்க வந்து?”

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. குடும்பம் முழுவதும் ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறது. காலையில் போய் மாலையில் திரும்புகிற கதை இல்லை. பூங்காவுக்குள்ளேயே இருக்கும் விடுதியில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கல். சின்னவளுக்கு வர விருப்பமா, விடுப்புக் கிடைக்குமா என்று கேட்கப்படவில்லை. அவளுடைய வாந்தியின் தன்மை மட்டுமே விசாரிக்கப்பட்டது.

“எப்பக்கா?”

“இன்னும் நாலு மாசம் இருக்கு. இப்பவே லேட்டு.” பிறகு குரல் சற்று இறங்கியது. “அவ படிக்கப் போயிட்டா அப்புறம் வீட்டுக்கு விருந்தாளிதான்டி. அதுக்குள்ள ஒரு தடவை அவளோட சேர்ந்து இருந்துடணும். அதுக்குத்தான்.”

‘அவ’ என்றது பெரியவளின் மூத்த மகளை. பள்ளியை முடித்துவிட்டு, வெகு தொலைவில் இருக்கும் ஒரு நகரத்துக் கல்லூரியில் இடம் வாங்கியிருந்தாள். அந்தச் செய்தியை மகள் வந்து சொன்னபோது பெரியவள் சொன்னது ஒரே வார்த்தை: “சரி.” மகள் இன்னும் ஏதாவது வருமா என்று சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாளாம்.

பெரியவள் ஒரு பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸ். ஊசி போடுவதை நிறுத்திப் பல வருடங்களாகின்றன. இப்போது அவள் தொழில் மனிதர்களைக் கட்டங்களில் போடுவது. யாருக்குக் காலை, யாருக்கு மாலை, யாருக்கு இரவு, யாருக்கு ஓய்வு என்று மூன்று மாடிகளுக்கான டூட்டி சார்ட் அவள் கையில்தான் பிறக்கிறது. அது சுவரில் ஏறிய அன்று சிலருடைய நிச்சயதார்த்தங்கள் தள்ளிப் போகும், சிலருடைய காதலே தள்ளிப் போகும். அவள் நடைபாதையில் வந்தால் நர்ஸுகள் ஒதுங்குவார்கள். டாக்டர்களும் ஒதுங்குவார்கள், ஆனால் சுவரில் ஏதோ படிக்கப் போவதுபோல. ரப்பர் செருப்பு, சத்தமே கேட்காது. முதுகுக்குப் பின்னால் கைகழுவும் மருந்தின் வாசனை வந்தால் பேச்சை மாற்றிவிட வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த எச்சரிக்கை. யாராவது தன் கஷ்டத்தைச் சொன்னால், அவர்களுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். அது அன்பா, நாடி பார்ப்பதா என்று குடும்பத்தில் இன்றுவரை முடிவாகவில்லை.

விடுமுறையைப் பற்றி அவளுக்குத் தீர்மானமான கொள்கைகள் உண்டு. விடுமுறை என்பது பெரிய ஆபரேஷன், குடும்பம் நோயாளி, முன்னேற்பாடு இல்லாமல் மேசையில் கிடத்தினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. “முதல் நாளே எல்லாத்தையும் முழுங்கப் பாப்பான் ஒருத்தன். மூணாம் நாள் பாத்தா கட்டில்ல கெடப்பான், பொண்டாட்டி காலை அமுக்கிட்டு இருப்பா. நம்ம வீட்டுல அது நடக்காது” என்பாள். ஆகவே நாட்களைக் கனமான நாள், லேசான நாள், ஒன்றும் செய்யாத நாள் என்று மூன்று சாதியாகப் பிரித்தாள். கனமான நாளில் பூங்கா திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும்; வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பித் தூங்க வேண்டும்; தூக்கம் வராவிட்டாலும் தூங்க வேண்டும். லேசான நாளில் உட்கார்ந்து பார்க்கிற வேடிக்கைகள் மட்டும். ஒன்றும் செய்யாத நாளில்தான் வேலைகள் அதிகம்: தாமதமாக எழுதல், நீச்சல் குளம், குளத்தோரம் சும்மா உட்காருதல். யார் பக்கத்தில் யார் சும்மா உட்கார வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

“சும்மா இருக்கறதுக்குமா டைம் போட்டிருக்கா?” என்று அப்பா சின்னவளிடம் கேட்டார். சகோதரிகள் இருவருக்கும் அப்பாவான அவர் துறைமுகத்தில் வாழ்நாளெல்லாம் கிரேன் ஓட்டியவர். வானத்துக்கும் பூமிக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து பழகியவருக்கு, தரையில் இருக்கும் அதிகாரம் எதுவும் பெரிதாகத் தெரிவதில்லை. முழங்கால் ஒன்று மட்டும் சொன்னபடி கேட்காது.

“ஆமாப்பா. சும்மா இருக்கறப்ப எழுந்திருக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கா.”

“இவளைப் பெத்தது நான்தானான்னு எனக்கே அப்பப்ப சந்தேகம் வருது” என்றார்.

தயாரிப்பு நான்கு மாதமும் நடந்தது. அப்பா தினமும் மாடிப்படி ஏறி இறங்கினார். அவர் பேரம் பேசி ஒரு மாடியைக் குறைத்துக்கொண்டார். அத்தானுக்கு, அதாவது பெரியவளின் கணவருக்கு, சொந்தமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை உண்டு. பார்வை பரிசோதிக்கும் சுழல் நாற்காலியில் ஒருநாள் அவரையே உட்காரவைத்து, பெரியவள் தன் இரண்டு கைகளாலும் பலம்கொண்ட மட்டும் சுற்றினாள். வெளியே காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் அதைப் புதுவிதப் பரிசோதனை என்று நினைத்து, தன் முறை வருவதற்குள் நழுவிவிட்டார்.

“எப்படி இருக்கு?” என்றாள்.

“நல்லாத்தான் இருக்கும்மா. நீதான் மூணு பேரா தெரியறே” என்றார் அத்தான். ஒருத்தியோடு வாழ்வதன் களைப்பே முகத்தில் தீராத மனிதர். பாவம், கலங்கிப் போயிருந்தார்.

“வாந்தி வரலல்ல? பாஸ்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்பொருள் அங்காடியில் ஒத்திகை. வாங்க எதுவும் இல்லை. வரிசையில் நிற்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். இருப்பதிலேயே நீளமான வரிசையாகத் தேர்ந்தெடுத்துக் குடும்பத்தை நிறுத்தினாள். இரண்டாவது மகள் குட்டிக்கு ஆறு வயது; அவள் பாதி வழியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூத்த மகள் தன் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து, குட்டியின் விரல்களில் சிக்கலாகச் சுற்றிக் கொடுத்து, “இதை அவுத்துட்டுச் சொல்லு” என்றாள். கல்லாவுக்கு வந்துசேரும்வரை குட்டி வாயைத் திறக்கவில்லை. பெரியவள் அதை ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒப்புக்கு ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு எல்லாரும் வெளியே வந்தார்கள்.

உல்லாசம் தொடங்கியது.

விடுதியின் ஜன்னலுக்கு வெளியே ஒரு செயற்கை ஏரி, அதற்கு அப்பால் ராட்சத ராட்டினம். உள்ளே, குளியலறைக் கதவில் டூட்டி சார்ட். ஏற்பாடு எளிமையானது. அப்பாவும் குட்டியும் பராமரிக்கப்பட வேண்டியவர்கள். மற்ற நால்வரும் இரண்டு ஷிப்ட்: பெரியவளும் அத்தானும் ஒன்று, மகளும் சின்னவளும் இன்னொன்று. ஒரு ஷிப்ட் உள்ளே போய்த் தலைகீழாகத் தொங்கும்போது, இன்னொரு ஷிப்ட் வெளியே பைகளையும் தொப்பிகளையும் அப்பாவையும் குட்டியையும் காக்கும். பிறகு மாறிக்கொள்ளலாம். யாரும் தொலைய முடியாது, எதுவும் தொலையாது. இப்படி ஒரு பத்திரமான உல்லாசத்தை அந்தப் பூங்கா அதுவரை கண்டிருக்காது.

ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் ஷிப்ட் மாறும்போது, வார்டை ஒப்படைப்பதுபோல ஒப்படைப்பு நடந்தது. மகள்தான் ஒப்பிப்பாள்.

“தாத்தா மாத்திரை போட்டாச்சு. முட்டி வலி பரவால்ல. குட்டி ஐஸ்கிரீம் கேட்டா, குடுக்கல. நீலத் தொப்பி ஈரம், காயப்போட்டிருக்கு.”

“பாத்ரூம்?”

“ரெண்டு பேரும் போயிட்டு வந்தாச்சு.”

“சரி. நீ போ.”

மகள் போவாள். பெரியவள் அவள் முதுகைப் பார்த்தபடி சின்னவளிடம் ஒருமுறை சொன்னாள்: “கேட்டியா? ஒரு வார்த்தை வீண் இல்ல.” பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்கிற குரல்.

பராமரிக்கப்பட வேண்டியவர்களின் நடத்தை மட்டும் திருப்தியாக இல்லை. பெரியவள் தண்ணீர் பிடிக்கப் போய், அத்தான் தனியாகக் காவலில் இருந்த ஒருநாள், அப்பா எழுந்து போய் ராட்சத ராட்டினத்தில் ஏறிவிட்டார். இறங்கி வந்தபோது கையில் பஞ்சுமிட்டாய். “நான் பாக்காத உசரமா? இதெல்லாம் ஒரு உசரமா?” என்று கேட்டுவிட்டு, மிட்டாயில் பாதியைப் பேத்திக்குப் பிய்த்துக் கொடுத்தார். பெரியவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி வெட்கமே இல்லாமல் நன்றாக இருந்தது.

சின்னவள் இத்தனையிலும் வாயைத் திறக்கவில்லை. அவள் இயல்பே அப்படித்தான். யாராவது கேட்டால் பேசுவாள். கேட்டதற்கு மட்டும் பேசுவாள். அதனாலோ என்னவோ, மகள் அவளோடு வரிசைகளில் நிற்கும்போது நிறையப் பேசினாள். கல்லூரி விடுதியில் கூட இருக்கப்போகிற பெண் குறட்டை விடுவாளோ என்பது முதல், படிப்பு பிடிக்காமல் போய்விட்டால் திரும்பி வர முடியுமா என்பதுவரை. சின்னவள் “ம்” போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு லேசான நாளில் இருவரும் இருட்டுக் குகைக்குள் படகில் போனார்கள். இரண்டு பக்கமும் பொம்மைகள் தலையை ஆட்டிப் பாடின. மகள் திடீரென்று கேட்டாள்:

“சித்தி, அம்மாவுக்கு என் மேல கோவமா?”

“ஏன்?”

“தூரமா போறேன்னு சொன்னப்ப ‘சரி’ன்னா. அவ்வளவுதான். ஏன்னு கேக்கல, போகாதேன்னும் சொல்லல. இப்பயும் பாரு, நான் உள்ள போனா அவ வெளியே. அவ உள்ள போனா நான் வெளியே. ஒரு ராட்டினத்துலயாவது நாங்க ஒண்ணா உக்காந்தோமா? என் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல போல.”

பொம்மைகள் கைதட்டிச் சிரித்தன. “எனக்குத் தெரியலயே” என்றாள் சின்னவள். அதைவிட மோசமான பதிலை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை என்பது படகு வெளிச்சத்துக்கு வரும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்தது.

அடுத்தது ஒன்றும் செய்யாத நாள். குளத்தோரம் எல்லாரும் அவரவர் இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குட்டி தண்ணீரில், மகள் அவளோடு டூட்டியில். பெரியவள் ஈரத் துண்டுகளை ஆள்வாரியாகப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். விடுதியின் மற்ற விருந்தினர்கள் தங்கள் துண்டுகளை விடுதிக்காரர்களின் கூடையில் எறிந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். சின்னவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். அவள் தானாக ஒரு பேச்சை ஆரம்பிப்பதே பெரியவளைச் சந்தேகப்பட வைக்கும்.

“என்னடி, வயிறு சரியில்லையா?”

“இல்லக்கா. நீயும் அவளும் ஏன் ஒரே ஷிப்ட்ல இல்ல?”

பெரியவள் அவளைப் பார்த்த பார்வை, தெர்மாமீட்டரைத் தலைகீழாகப் பிடித்த பயிற்சி நர்ஸைப் பார்க்கிற பார்வை. “லூசாடி நீ? வேலை தெரிஞ்ச ரெண்டு பேரை யாராவது ஒரே ஷிப்ட்ல போடுவாங்களா? அப்புறம் அந்தப் பக்கம் யாரு? உங்க அத்தானா? முந்தாநாள் நம்ம குட்டிய விட்டுட்டு எவன் குழந்தையோ கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்த ஆளு.”

“தொப்பி ஒரே மாதிரி இருந்துச்சு” என்றார் அத்தான், கண்ணை மூடியபடியே, இரண்டு நாற்காலி தள்ளி. கண்ணாடி விற்பவர்.

“நான் இருக்கேன்ல?” என்றாள் சின்னவள்.

“நீ ட்ரெய்னிங்.”

சின்னவள் அதை விழுங்கிக்கொண்டாள். பிறகு, இதைச் சொல்ல இன்னொரு நல்ல நேரம் வராது என்று தெரிந்ததால், துண்டுகளைப் பார்த்தபடி சொன்னாள்: “உனக்குக் கோவம்னு நினைக்கறாக்கா.”

“யாரு?”

“அவதான். தூரமா போறதுனால நீ அவளை ஒதுக்கறேன்னு நினைக்கறா. மூஞ்சியப் பாக்கவே புடிக்கலியாம் உனக்கு.”

துண்டின் ஒரு மூலை இன்னொரு மூலைக்குப் போகாமல் நடுவில் நின்றது.

“கோவமா? எனக்கா?” பெரியவள் குளத்தைப் பார்த்தாள். அங்கே மகள், குட்டியின் முகவாயைத் தண்ணீருக்கு மேலே பிடித்து, காலை உதைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். “அவளை நம்பித்தான்டி அந்தப் பக்கத்தையே விட்டிருக்கேன். என் மூணு மாடியிலயும் அவளை மாதிரி ஒருத்தி கெடையாது.”

“அதை அவகிட்ட சொன்னியா?”

“அவளுக்குத் தெரியாதா?”

சின்னவள் ஒரு ஈரத் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

மகளோடு சேர்ந்து இருக்கத்தான் இந்தப் பயணம். நான்கு மாதத் திட்டம், சுழல் நாற்காலி, மாடிப்படி, தீப்பெட்டி எல்லாம் அதற்குத்தான். எல்லாவற்றையும் யோசித்தவள், தன் கையாலேயே தன்னையும் மகளையும் ஒரு கட்டத்திலும் சேராதபடி பிரித்து வைத்திருந்தாள். அதுவும் இரண்டு பேரும் கெட்டிக்காரிகள் என்ற ஒரே குற்றத்துக்காக. இந்தத் தவற்றைச் செய்ய அசட்டுத் தாய்மார்களால் முடியாது. அதற்கு ஒரு தலைமை நர்ஸ் வேண்டும்.

அன்று நீச்சல் முடிந்து, துண்டுகள் முடிந்து, மற்றவர்கள் உடை மாற்றப் போன பிறகும் பெரியவள் அந்த நாற்காலியிலேயே இருந்தாள். அவள் தயாரித்த அட்டவணையில் சும்மா உட்காருதல் என்ற வேலையை முதன்முதலாக ஒருவர் உண்மையில் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள்தான் பூங்காவில் கடைசி நாள். கனமான நாள். ரோலர் கோஸ்டரின் வாசலில் மகள் வழக்கம்போல ஒப்பிக்க வாயெடுத்தாள். பெரியவள் அவளைத் தாண்டிச் சின்னவளிடம் வந்தாள். “இன்னிக்கு இந்தப் பக்கம் நீ பொறுப்பு” என்றாள். கேட்டுக்கொண்டாள் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் அதற்குள் முதல் பை சின்னவளின் தோளில் ஏறியிருந்தது. அடுத்து இரண்டாவது பை, தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, நான்கு தொப்பிகள், அப்பா.

“அப்ப நான் யாரோட போறது?” என்றார் அத்தான்.

“நீங்க எங்கயும் போக வேணாம். குட்டிய மட்டும் பாத்துக்கோங்க. நம்ம குட்டிய.”

“ட்ரெய்னிங் முடிஞ்சுதாம்மா உனக்கு?” என்று அப்பா சின்னவளைக் கேட்டார். அவர் கண் ஏற்கெனவே பஞ்சுமிட்டாய்க் கடைப் பக்கம் போயிருந்தது.

மகள் வரிசையின் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். “நீயா வர்றே? சித்தி வரலியா?”

“டூட்டி மாத்தியாச்சு” என்றாள் பெரியவள்.

“ஓ” என்றாள் மகள். ஒரு வார்த்தை வீண் இல்லை. வளர்த்தவளைச் சொல்ல வேண்டும்.

வாசலில் இருந்த பலகை, உள்ளே போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றது. இத்தனை நாளும் அப்படிப்பட்ட பலகையைப் பார்த்தால் பெரியவள் உதட்டைப் பிதுக்கி, குடும்பத்தை வேறு திசைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். இப்போது அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகளை நோக்கி நான்கைந்து அடி வைத்தாள். பிறகு திரும்பி, விடுவிடென்று சின்னவளிடம் வந்தாள். மாத்திரையைப் பற்றி ஏதோ மறந்துவிட்டாள் என்று நினைத்து சின்னவள் டப்பாவை நீட்டினாள். பெரியவள் அதைப் பார்க்கவே இல்லை.

“ஒரு மணி நேரம்டி” என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். “ஒரு மணி நேரம் அவ பக்கத்துல நிக்கணும். நீ இத்தனை நாளா நின்னியே, என்ன பேசுவீங்க? மாத்திரை, தொப்பி, பாத்ரூம் இதெல்லாம் இல்லாம. எனக்கும் ஒண்ணு சொல்லிக் குடேன். ஆரம்பிக்க மட்டும். ஒண்ணே ஒண்ணு போதும்.”

பின்னால் வந்த குடும்பம் ஒன்று அவளைச் சுற்றிக்கொண்டு வரிசையில் போய்ச் சேர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே. இடம் பறிபோவதைப் பார்த்துக்கொண்டே, பதிலுக்காக, பெரியவள் நகராமல் நின்றாள்.